நகச்சுத்து வந்த கை

பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டும் தொழிலில், பிள்ளை அழுதால் அது நம் தப்பு. நன்றாகத் தூங்கினால் அது தாயின் ராசி. பச்சைப்பிள்ளையைத் தொட்டு வேலை பார்த்த எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் தினமும் காலையில் மூன்று வீடுகளில் குளிப்பாட்டினேன். வீடு திரும்பிய பிறகும் பிள்ளையின் காதில் தண்ணீர் போயிருக்குமோ, வெந்நீர் சூடு கூடியிருக்குமோ என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கும்.

பால் எடுத்தது

பிறந்த சில நாளில் சில பிள்ளைகளுக்கு மார்பு லேசாக வீங்கி, ஒரு சொட்டுப் பால் கசியும். ஆண், பெண் வித்தியாசம் இல்லை. அதை அமுக்கி எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த செல்வியின் மகனுக்கு ஏழாம் நாள் நானும் அமுக்கினேன். பிள்ளை வீறிட்டான். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மாமியார்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

"அழுதா அழுதுட்டுப் போறான், நீ எடுட்டி. பின்னால கட்டி வந்து கத்தி வைக்காம இருக்கணும்லா."

எலுமிச்சம்பழம்

அந்த வாரம் எனக்கு வலது கட்டைவிரலில் நகச்சுத்து. எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் சொருகியிருந்தேன். குளிப்பாட்டும்போது கழற்றி வைப்பேன். முடிந்ததும் மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். பிள்ளையின் கண்ணில் சாறு பட்டுவிடுமோ என்றுதான் பயந்தேன். எதற்கெல்லாமோ பயப்படுகிறவள், விரலில் இருந்த சீழுக்குப் பயப்படவில்லை.

தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சி என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னக்கா, விரலையும் சேத்து ஊறுகா போடப் போறியளா?"

டாக்டரம்மா

பதினோராம் நாள் செல்வி மகனின் இடது மார்பு நெல்லிக்காய் அளவு வீங்கிச் சிவந்திருந்தது. தொடை இடுக்கில் நாலைந்து சீழ்க்கொப்புளம். வெயிலுக்கு வந்த சூட்டுக்கட்டி, சந்தனம் தடவினால் போய்விடும் என்றார் மாமியார். காய்ச்சல் இல்லை, பால் நன்றாகக் குடித்தான். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. செல்வியை நச்சரித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்ததும், குளிப்பாட்டுவது யார் என்று கேட்டார். முந்தானைக்குள் மறைத்திருந்த கையை நீட்டினேன். எலுமிச்சம்பழத்தோடுதான். விரலில் சீழ் வைக்கும் அதே கிருமியால்தான் பெரும்பாலும் ஆரோக்கியமான பிள்ளைகளுக்கும் இப்படிக் கட்டி வரும் என்றார் டாக்டரம்மா. உங்கள் விரலிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அமுக்கியது அதற்கு வழி திறந்துவிட்டது. இந்த வயதில் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி போட்டு, சின்னதாகக் கீறிச் சீழ் எடுத்தார்கள். கத்தி வைக்கக் கூடாது என்று அமுக்கியதற்குக் கடைசியில் கத்திதான் வந்தது.

நான் அழுததைப் பார்த்து டாக்டரம்மா சொன்னார்: "அந்தப் பால் தானா வத்திரும்மா, யாரும் எடுக்க வேண்டாம். விரல் ஆறுற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் தொடாதீங்க. இன்னைக்கே கூட்டிட்டு வந்தீங்களே, அதுதான் அவனுக்கு நல்லதாப் போச்சு."

மறுபடியும்

மற்ற இரண்டு வீட்டுக்கும் அன்றே போய் உள்ளதைச் சொன்னேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. செல்வி மகன் வீடு திரும்பும்வரை தினமும் வார்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே போகவில்லை. இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.

விரல் ஆறிய பிறகு செல்வி ஆள் விட்டாள். போனதும் சோப்பைக் கொடுத்துக் கை கழுவச் சொன்னாள். இரண்டு கையையும் திருப்பித் திருப்பி, நகம் நகமாகப் பார்த்தாள். பிறகு மகனைக் கொண்டுவந்து, நீட்டியிருந்த என் கால்மேல் கிடத்தினாள்.

"நீங்க அன்னைக்கு நச்சரிக்காட்டா இவன் இல்லக்கா. ஊத்துங்க."

எத்தனையோ பிள்ளைகளைக் குளிப்பாட்டிய பின்னும் என் பயந்த குணம் போகவில்லை. இப்போது முதலில் என் கையைப் பார்த்துப் பயப்படுகிறேன், அவ்வளவுதான்.