அன்பிலீவபிள் அக்கா

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்க் கூடத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்பிலீவபிள் அக்கா என்றால்தான் தெரியும். மூன்றாவது மாடி, திறக்கவே முடியாத ஜன்னல்கள், வரிசையாகத் தடுப்புப் பலகைகள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு தலை, தலையில் ஒரு ஹெட்செட். கடல் தாண்டி எங்கேயோ யார் வீட்டு மெஷினோ கெட்டுப்போனால் திட்டு மட்டும் இங்கே வந்து விழும். அதை இங்கிலீஷில் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் வேலை.

கைக்குழந்தையோடு புருஷன் விட்டுவிட்டுப் போனபோது, அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். தையல், சமையல், பிள்ளை பார்ப்பது என்று எதையெதையோ செய்துவிட்டு, குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் இங்கே வந்து சேர்ந்தாள். பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

"கஸ்டமர் வீடு பூரா தண்ணி நிக்குதுன்னு அழுதா, 'ஐ காண்ட் பிலீவ் இட், மேடம்', இல்லேன்னா 'அன்பிலீவபிள்'னு சொல்லணும். உங்களுக்குப் போய் இப்படி நடந்துச்சேன்னு அர்த்தம். 'ஐ டோண்ட் பிலீவ் யூ'ன்னு சொன்னீங்க, பொய்க்காரின்னு முகத்துக்கு நேரா சொன்ன மாதிரி. அன்னைக்கே மூட்டையக் கட்டிக்கலாம்."

அப்படி ஒருத்தி வாய் தவறி மூட்டையைக் கட்டவும் செய்தாள். அதிலிருந்து இவளுக்குக் கிலி பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் ராத்திரிச் சாப்பாடு ஆகிறதோ இல்லையோ, பாடம் நடக்கும். மகள்தான் கஸ்டமர். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, என் மெஷின் புகையுது, பூனை வேற உள்ள இருக்கு" என்று சீறுவாள். அம்மா சிரிப்பை அடக்கி, ஒரு மூச்சு விட்டு, குரலை இறக்குவாள். "ஓ, தட் இஸ் அன்பிலீவபிள், மேடம்."

"பத்தலம்மா. எனக்கு இன்னும் கோவம் வருது."

மறுபடி மூச்சு, மறுபடி அன்பிலீவபிள். வார்த்தை நாக்கில் படிய வேண்டும் என்பதற்காக இரண்டு பேரும் அதைக் கண்ட இடத்திலும் போட்டார்கள். பஸ் நேரத்துக்கு வந்தால் அன்பிலீவபிள். வீட்டுக்காரம்மா சிரித்தால் அன்பிலீவபிள். குழாயில் தண்ணீர் நிற்காமல் வந்தால் 'ஐ காண்ட் பிலீவ் இட்'. அந்த ஒற்றை அறையில் அவர்கள் சிரித்த சிரிப்புக்குக் குறைவே இல்லை.

போகப்போக அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றாகிவிட்டது. கொதித்துக்கொண்டு வருகிறவன் அவளுடைய ஒரு மூச்சில் பெட்டிப் பாம்பாகிவிடுவான். புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள் பேசிய பதிவுகளைத்தான் போட்டுக் காட்டினார்கள். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வாய் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கண் திரையில் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருக்கும். மனசு அந்தப் பக்கமே வராது. வந்தால் ஒரு நாளைக்கு அத்தனை அழுகையை யாரால் தாங்க முடியும்? அவளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

மகளுக்குக் கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளை அதிர்ந்து பேசாதவர், அத்தை அத்தை என்று வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. அவளும் அப்பாடா என்று இருந்தாள்.

ஒரு மத்தியானம், காலையிலிருந்து விடாமல் திட்டு வாங்கிக் களைத்து, ஹெட்செட் கழுத்தில் தொங்க, மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. மகள்.

"அம்மா, அவர் என்னை அடிக்கிறாரும்மா. ரொம்ப நாளா. உன்கிட்ட சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். இன்னைக்கு..." அதற்கு மேல் அழுகை.

என்ன நடந்தது என்று அவளுக்கே பிறகுதான் உறைத்தது. ஒரு மூச்சு விட்டாள். குரல் தானாக இறங்கியது. "ஓ, தட் இஸ் அன்பிலீவபிள். ஐ காண்ட் பிலீவ் இட்" என்றாள். பெற்ற மகளிடம், இங்கிலீஷில், அச்சு அசலாக அதே ராகத்தில்.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. பிறகு மகள், பூனைக்காரியாக நடித்த அதே மகள், புகார்க் கூடத்தில் பேச்சை முடிக்கும் கேள்வியை நிதானமாகக் கேட்டாள். "இஸ் தேர் எனிதிங் எல்ஸ் ஐ கேன் ஹெல்ப் யூ வித், மேடம்?"

போன் துண்டானது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள், மகள் எடுக்கவில்லை. பிறகு அணைத்துவைக்கப்பட்டிருந்தது. தன் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருந்தது. இத்தனை நாள் வாயைக் கட்டிக் கிடந்த பெண், கடைசியில் வாயைத் திறந்தது பெற்றவளிடம். அவளும் இப்படிச் செய்துவிட்டாளே. இனி மகள் எவரிடம் சொல்வாள்?

"ஷிஃப்ட் முடியலையே அக்கா" என்ற சூப்பர்வைசரிடம் ஹெட்செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் திறந்தது மாப்பிள்ளை. தேய்த்த சட்டை, கலையாத தலை. "வாங்க அத்தை, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்க? அவளுக்குத் தலைவலி, படுத்திருக்கா." வாங்க என்றாரே தவிர வழிவிடவில்லை.

"கண்ணு, அம்மா வந்திருக்கேன்" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீ கிளம்பு" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

குரலைக் கேட்டே பிழைத்தவளுக்கு அது தெரியாதா? பயந்த குரல், அதோடு அவளை வெறுத்த குரல். இரண்டும் தெரிந்தது. உள்ளே போக ஒரு வழியும் தெரியவில்லை. மாப்பிள்ளை மரியாதை குறையாமல் கதவைச் சாத்தத் தொடங்கினார். அவள் இடுக்கில் கையை வைத்தாள்.

"கையை எடுங்க அத்தை."

"மாட்டேன்."

அவர் சாத்தினார்.

அவள் போட்ட அலறல் எந்தப் பாஷையிலும் இல்லை. அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்துகொண்டன. "அம்மா!" என்று மகள் ஓடிவந்து அவரைத் தள்ளிவிட்டுக் கதவை இழுத்தாள். வாசலில் அத்தனை பேர் நிற்பதைப் பார்த்ததும் மாப்பிள்ளை உள்ளே பதுங்கிவிட்டார். செருப்புகூடப் போடாமல், தாயின் கையைத் தன் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு, மகள் தெருமுனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். வழியெல்லாம் தாயின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"எப்படி ஆச்சு?" என்று கேட்டாள் நர்ஸ், நசுங்கிய விரல்களைப் பிரித்துக்கொண்டே.

"கதவு சாத்தும்போது தெரியாம..." என்று ஆரம்பித்தாள் அம்மா. சமாதானம் பேசியே பழகிய வாய்.

"தெரிஞ்சுதான் சாத்தினான்" என்றாள் மகள். பிறகு தன் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக் காட்டினாள். "இதையும் பாருங்க, சிஸ்டர்."

பழுப்பும் ஊதாவுமாக, பழைய தடமும் புதிய தடமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நர்ஸ் பஞ்சைக் கீழே வைத்துவிட்டாள். அம்மா வாயைத் திறந்தாள்.

"நடுவுல நீ ஒண்ணும் சொல்லாதே" என்றாள் மகள். "நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் சொல்லாதே."

அம்மா அடிபடாத கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். மகள் சொல்லத் தொடங்கினாள்.