‘நிறுத்து’ என்ற செய்திக்கு இடமில்லை

என் தங்கை மானசா கர்னல் எழுதுகிறவள். கணினிக்குள் மற்ற நிரல்களையெல்லாம் மேய்க்கும் நிரல் அது. பத்தாவதோடு லேத் பட்டறை வேலைக்கு வந்த நான், இதை அவளிடம் நான்கு முறை கேட்டுக் குறித்துக்கொண்டேன். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் தெருவில் இந்த வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பல்லடத்தில் பாலகோபால் என்பவரின் தறிக் குடோனில் இருபத்துநான்கு தறிக்கும் ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டி. அதற்குள் ஓடுவது அவள் எழுதியது. தறிகள் அனுப்பும் செய்திகள் அதில் வரிசையாகக் காத்திருக்கும். ‘நிறுத்து’ மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் போய்விடும்.

மார்ச் பதினொன்றாம் தேதி அது போகவில்லை. தறி ஓட்டும் சாமியாத்தாள் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு அறுந்த நூலை எடுக்கக் கையை விட்டார். தறி நிற்கவில்லை. இரண்டு விரல் நசுங்கியது. இருபதாம் தேதி வெள்ளிக்குள் காரணம் தெரியாவிட்டால் பெட்டியைக் கழற்றிவிடுவதாக பாலகோபால் சொல்ல, மானசாவின் வேலையும் போகும் என்றது அந்தப் பெட்டியைச் செய்துகொடுத்த அவள் கம்பெனி.

"நாப்பதாயிரம் தடவ ஓட்டிப் பாத்துட்டேனுங்ணா. ஒருக்காக்கூடத் தப்பல. அப்ப அந்தம்மா வெரல் பொய்யா?" என்று அழுதாள். தட்டில் சோறு காய்ந்தது.

வெள்ளி காலை இருவரும் குடோனுக்குப் போனோம். பத்து இருபதுக்குக் கரண்ட் போனது. யாரும் தறிச் சுவிட்சுகளை அணைக்கவில்லை.

"ஏனுங்க, அணைச்சுட்டு ஒவ்வொண்ணாப் போடோணும்னு எழுதிக் குடுத்தமே?" என்றாள் மானசா.

கட்டுப்போட்ட கையோடு நின்ற சாமியாத்தாள் சிரித்தார். "எழுதுனவிய வந்து நடக்கோணும் கண்ணு. சுவிட்ச அப்படியே உட்டுப்போடுவம். கரண்டு வந்தா எல்லாம் ஒண்ணாத் தானா ஓடும். அன்னைக்கும் அப்படித்தான்."

மானசா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கிளம்பும்போது ஒவ்வொரு தறியும் மூன்று செய்தி அனுப்பும், மொத்தம் எழுபத்திரண்டு. வரிசையில் அறுபத்துநான்கு இடம்தான். ‘நிறுத்து’ முன்னால் போய் நிற்க உரிமை கொடுத்தவள், அது நிற்க இடம் ஒதுக்கவில்லை. இடம் நிறைந்தபின் வந்ததைக் கர்னல் சத்தமில்லாமல் தள்ளிவிட்டது.

அவள் சொன்னதைக் கேட்ட கம்பெனி மேலாளர் போனில், "அப்ப தப்பு தறிக்காரங்க மேலதான். அப்படியே எழுதி அனுப்பிருங்க அம்மணி" என்றார்.

"தப்பு என்னோடதுங்க சார்" என்றாள் மானசா. தன் தப்பு என்றே எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பினாள்.

பிறகு ‘நிறுத்து’க்கென்றே நான்கு இடம் தனியாக ஒதுக்கினாள். மாலை நான்கரையிலிருந்து மெயினை அணைத்து அணைத்துப் போட்டு, தறிகள் ஒன்றாகக் கிளம்பும்போதே ‘நிறுத்து’ பொத்தானை அழுத்தினோம். இருபது முறையும் தறி நின்றது.

"நின்னுது செரி. கைய நீங்க உடுங்க, பாக்கலாம்" என்றார் சாமியாத்தாள்.

மறுபடி மெயினைப் போட்டதும் மானசா பொத்தானை அழுத்தி, வலது கையை உள்ளே விட்டு நூலை எடுத்தாள். நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

பாலகோபால் பெட்டியைக் கழற்றவில்லை. திங்களன்று மானசாவை வேலையிலிருந்து நீக்கினார்கள், அந்தக் கையெழுத்துக்காக. இன்னும் வேறு வேலை கிடைக்கவில்லை.