சில்வேன் வீட்டு முப்பது இன்ச்

மூலக்குளத்துக் கார்குழலி பொறாமைக்காரி. இதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி என்ன சொன்னாலும் அது வேறு யாரையோ சொன்ன மாதிரி ஆகிவிடும். பக்கத்து வீட்டில் மாடி எடுக்கட்டும், கூடப் படித்தவள் கழுத்து நிறைய நகை போடட்டும், அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் மட்டும் வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? அப்பா இராமதாஸ் மில் தொழிலாளி. மில்லை மூடினதும் கோரிமேட்டில் ஒரு லாட்ஜுக்கு வாட்ச்மேனாகப் போனார். வீட்டுக்குப் புதுசு என்று ஒரு சாமான் வந்ததில்லை. காந்தி வீதியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் வேலைக்குச் சேர்ந்த குழலி, எவனோ கழித்துப்போட்ட கேபினட், யாரோ வேண்டாமென்ற ஃபேன், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி வாங்கின கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, கேம் ஆடுவதற்கென்றே ஒரு மெஷின் கட்டினாள். இரண்டாயிரத்து ஆறில் புதுச்சேரியில் அதை மிஞ்ச ஒன்று கிடையாது என்று அவளே சொல்லிக்கொள்வாள். மற்றவர்களும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். மானிட்டர் மட்டும் தொந்தி வைத்த பழைய டப்பா.

எந்த கார்டு எதில் ஏறும், எந்த கேம் எதில் ஓடும் என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும், "குழலி சொன்னா சரி" என்பார்கள். எதிரே இன்னொரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த தேவதாஸுக்கு அதைக் கேட்டாலே மூஞ்சி கறுக்கும். அவளுக்கு அதில் அப்படியொரு குஷி.

குருசுக்குப்பத்துச் சில்வேன் அவளோடு கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் ஜூல் பாரீஸில். ஆகஸ்ட் மாசம் லீவுக்கு ஜூல் வந்தால் பெட்டியிலிருந்து சாமான் இறங்கும். குழலி வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பது அவனுக்கு ஒரே நாளில் சட்டைத்துணிக்கு நடுவே சுருட்டி வந்துவிடும். வந்ததையெல்லாம் அவளிடம் காட்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது. நல்ல பையன். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

அந்த ஆகஸ்டில் இறங்கியது முப்பது இன்ச் மானிட்டர். அகலத்தில் மட்டும் இரண்டாயிரத்து ஐந்நூற்றறுபது புள்ளி. கடைக்கு வரும் பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். சில்வேனின் தாயார் செசில் அம்மா அதைக் கூடத்து மேசைமேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். இவனுக்கு எதற்கு இது? கார் ரேஸ் ஆடுவான், பாதியில் தூங்கிவிடுவான். இவனுக்குப் போய்!

"வித்தவன் சொன்னான், எல்லா கம்ப்யூட்டரும் இதைத் தாங்காதாம். கார்டைப் பாத்துதான் போடணுமாம்" என்றான் ஜூல்.

"அதான் குழலி வந்துட்டாளே" என்று சில்வேன் தன் மெஷினின் பக்கத் தகட்டைக் கழற்றினான். "என்னா குழலி, தாங்குமா?"

குனிந்து பார்த்தாள். போன வருஷம் ஜூல் கொண்டுவந்த கார்டு. விலையில் அவளுடையதைவிட மட்டம், கேமில் அவளுடையதுக்குக் கிட்ட நிற்காது. ஆனால் புதுசு. பெரிய மானிட்டருக்கு வேண்டிய இரட்டை லைன் சாக்கெட் அதில் இருந்தது. தாங்கும். ஜம்மென்று தாங்கும். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தாங்காது" என்றாள்.

"சும்மா ஒரு தடவை சொருகிப் பாக்கலாமே" என்றான் ஜூல்.

"தாராளமா சொருகுங்கண்ணா. பவர் பத்தாம கார்டு எரிஞ்சா என்னைக் கூப்பிடாதீங்க."

சொல்லும்போது குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. அவளுக்கே ஆச்சரியம். சில்வேன் எடுத்த கேபிளைக் கீழே வைத்துவிட்டான். "விடுண்ணா. குழலி சொன்னா சரி."

அவள் நினைத்தது இவ்வளவுதான்: மானிட்டர் இவனுக்கு இல்லாமல் போக வேண்டும். திரும்ப பாரீஸுக்கே போகட்டும், யாருக்காவது விற்கட்டும். அந்த வீட்டுப் பழக்கம் அவளுக்குத் தெரியாது. அண்ணன் கடல் தாண்டித் தூக்கிவந்ததை அவர்கள் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். யாருக்கு உதவுமோ அவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். செசில் அம்மா பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளே ஏதோ பேசினார்கள். மறுநாள் சாயங்காலம் மூலக்குளத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சில்வேன் இறங்கினான்.

"உன் மெஷின்தான் தாங்கும். வச்சுக்க. என்கிட்ட இருந்து என்னா பண்ணப்போவுது?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வந்தால்தானே? "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள், அவனுக்குப் பிடிக்கும் என்று. அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு, கேபிளைச் சொருகினாள்.

படம் வந்தது. எழுத்தெல்லாம் தடித்தடியாக, ஓரம் பிசிறிக்கொண்டு வந்தது. பழைய டப்பாவிலேயே இதைவிடத் திருத்தமாகத் தெரியும். கேபிளைக் கழற்றி மாட்டினாள், செட்டிங்ஸில் புகுந்து புறப்பட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கார்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். சாக்கெட் ஒற்றை லைன். ஊரிலேயே வேகமான கார்டு, பெரிய மானிட்டருக்குப் பாதிப் புள்ளிக்கு மேல் அனுப்பத் துப்பில்லாத கார்டு. அவன் கார்டைக் குடைந்து பார்த்தவள், தன்னுடையதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மெஷினுக்கு என்ன குறை என்ற திமிர்தான்.

பார்க்க வந்தவர்கள் "யம்மாடி, எவ்ளோ பெருசு!" என்று வாயைப் பிளந்தார்கள். அவள் அந்தப் பிசிறெழுத்தைப் பார்த்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். சில்வேனின் கார்டு நினைவுக்கு வரும்போதெல்லாம் பொறாமை முன்னைவிட அதிகமாகக் கிளம்பியது.

ஞாயிற்றுக்கிழமை சில்வேன் பார்க்க வந்தான். திரையைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "என்னா குழலி, உன்னுதுலயும் சரியா வரலியா?"

"கார்டு பழசு" என்றாள் தரையைப் பார்த்து.

அவன் உடனே பைக்கை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது கையில் துணி சுற்றிய ஒரு பொட்டலம். அவனுடைய கார்டு.

"என்னுதுலதான் பவர் பத்தல. உன் மெஷின்ல பவர் இருக்கு இல்ல? இதைப் போட்டுப் பாரு."

"வேணாம் சில்வேன்."

"எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அப்பா இராமதாஸும் பக்கத்தில் நின்றுகொண்டு, "தம்பிதான் சொல்லுதே, போடேம்மா" என்றார். குழலிக்குத் தப்ப வழியில்லை. போட்டாள்.

திரை பளிச்சென்று விரிந்தது. சில்வேன், தான் முன்பு எடுத்துக் கொடுத்திருந்த கடற்கரைப் படத்தைத் திறந்தான். பாறையில் உட்கார்ந்திருந்த ஆள் கையில் சுண்டல் பொட்டலம், அதில் அச்சடித்த எழுத்துகூடத் தெரிந்தது. "பாத்தியா!" என்று சிரித்துக் குதித்தான். "நீ சொன்ன மாதிரியே பவர்தான் பிரச்சினை! கார்டையும் நீயே வச்சுக்க குழலி."

அவன் மனசில் ஒரு துளி சந்தேகம் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டும் அவளுக்குத்தான். ஆசைப்பட்டது அத்தனையும் கைக்கு வந்துவிட்டது. அவனிடம் பார்த்து எரிய இனி ஒன்றுமே மிச்சமில்லை. அவனுடைய அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"உன்னுதுலயே ஓடியிருக்கும்" என்றாள்.

"என்னாது?"

"பவரெல்லாம் ஒண்ணுமில்ல. உன் மெஷினே தாங்கும். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

சிரிப்பு அப்படியே நின்றது. "ஏன் குழலி?" என்று கேட்டான். கார்டைக் கழற்றினாள், அவன் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான். மானிட்டர் கேபிளையும் பிடுங்கப்போனாள்.

"அத விடு. குடுத்ததை எங்க வீட்ல திருப்பி வாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அம்மாவிடமோ அண்ணனிடமோ அவன் வாயைத் திறக்கவில்லை. ஊரிலும் எவனுக்கும் தெரியாது.

பிறகு ஒருநாள் கடை வாசலில் நின்றவள் சில்வேனின் பைக்கைப் பார்த்தாள். பின்சீட்டில் அவன் கம்ப்யூட்டர், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இங்கேதான் வருகிறான் என்று கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். பைக் எதிர்ப்பக்கம் திரும்பி, தேவதாஸ் கடை முன்னால் நின்றது. அந்தத் தேவதாஸுக்கு ஒற்றை லைன், இரட்டை லைன் வித்தியாசம் தெரியாது. அவன் ஏதோ சொல்ல, சில்வேன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

குழலிக்கு வயிறு எரிந்தது. இந்தத் தடவை தேவதாஸைப் பார்த்து.