முன்கழுத்து லேஸ்

அம்மாவின் டிரங்குப் பெட்டியைச் சித்தி திறந்ததும் பாச்சை உருண்டை நெடி ஏறியது. உள்ளே அந்த வெள்ளை ஜாக்கெட்.

நெய்யூரில் நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, அம்மா கல்யாணப் பெண்களுக்கு லேஸ் பின்னிக் கொடுப்பாள். ஒரு கண்ணி பிசகினாலும் மொத்தத்தையும் பிரித்துவிடுவாள். ஒருநாள் இந்த ஜாக்கெட்டில் லேஸ் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“இது யாருக்கும்மா?”

“எனக்கு மக்கா.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் லேஸ் முன்கழுத்தோடு நின்றிருந்தது.

“பின்னால வைக்கலியா?”

“பின்னால யாரும் பாக்க மாட்டாவ.”

“கோயில்ல பின்னால இருக்கவிய பாப்பாவளே?”

அம்மா ஜாக்கெட்டை மடித்துப் பெட்டியில் வைத்தாள். தனக்கென்றால் மட்டும் இப்படி அரைகுறையா என்று எனக்குக் கோபம் வந்தது. எந்தக் கிறிஸ்மஸுக்கும் அவள் அதைப் போடவில்லை.

இன்று நானும் சித்தியும் அம்மாவுக்கு அதை அணிவித்து, அவளைச் சவப்பெட்டியில் கிடத்தினோம். லேஸ் இல்லாத பக்கம் யாருக்கும் தெரியவில்லை.