ஆடுகளத்தை நான் மூடிய நாள்

கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது இந்த மைதானத்தில் ஒரு புல்கூடக் கிடையாது. முசஃபா தொழிற்பேட்டையைத் தாண்டி அரை மணி நேரம் போனால் வரும் மணல்வெளி, அதன் நடுவில் ஒரு சிமெண்ட் பட்டை, ஓரமாகத் தகரக் கூரை போட்ட ஒரு பெவிலியன். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் விடியும் முன்பே என் கணவர் சிமெண்ட்டின்மேல் பச்சை விரிப்பை விரித்து, நான்கு ஓரங்களிலும் ஆணி அடித்து இறுக்குவார். ஆறு மணிக்கு கேரேஜ் மெக்கானிக்குகளும் வெல்டர்களும் கிரிக்கெட் ஆட வந்துவிடுவார்கள். துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்துகூட ஒரு அணி கம்பெனி பஸ்ஸில் வரும். பந்து மணலில் விழுந்தால் உருளாது, விழுந்த இடத்திலேயே புதைந்துவிடும். அதற்காகவே எல்லோரும் தூக்கி அடிப்பார்கள்.

பெவிலியனை ஒட்டி இருந்த ஓர் அறையும் சமையலறையும் எங்கள் வீடு. மைதானத்தின் சொந்தக்காரரான அரபு முதியவர், குடும்பத்தோடு இருப்பவன் ஓடிப்போக மாட்டான் என்று சொல்லி, மைதானத்தைப் பராமரித்த என் கணவருக்கு அதைக் கொடுத்திருந்தார். சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே ஆடுகளம். என் மகள் பிறந்து, தவழ்ந்து, நடந்தது எல்லாம் அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம்தான்.

முதியவருக்குப் பிறகு அவருடைய பிள்ளைகள் இதைச் சர்வதேச மைதானமாக்க முடிவு செய்தார்கள். முதலில் சிமெண்ட்டை உடைத்தார்கள். பிறகு பாகிஸ்தானிலிருந்து கப்பலில் களிமண் மூட்டைகள் வந்தன. பாய்போல் சுருட்டிய புல் லாரியில் வந்தது. விளக்குக் கம்பங்கள் எழுந்தன. ஆயிரக்கணக்கான நாற்காலிகள் வரிசையாக முளைத்தன. வெள்ளிக்கிழமை அணிகளுக்கு வாயிற்கதவில் பூட்டு விழுந்தது. சில வாரங்கள் தெரியாமல் வந்துகொண்டிருந்தவர்கள் கம்பிக்கு வெளியே நின்று புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

எனக்கு அந்தப் புல்லைக் கண்டாலே பயம். அதற்குப் பாய்ச்சுவது சுத்திகரித்த சாக்கடை நீர். குழாய்க்கருகே ‘குடிக்கக் கூடாது’ என்று பலகை வைத்திருந்தார்கள். மகளுக்கு இரண்டு வயது, பலகை அவளுக்கு எதற்கு? புல்லில் கால் வைத்து வந்தால் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுவேன். இரவு அவள் தூங்கிய பிறகு கால்விரல்களுக்கிடையில் கழுவினேனா என்று சந்தேகம் வந்து, ஈரத்துணியால் மறுபடி துடைப்பேன்.

களிமண்ணோடு ஒரு மனிதரும் முக்கியமானவர் ஆனார். ஒன்பது வருடமாக இங்கே வேலை செய்பவர், ஐம்பது தாண்டியவர், பாகிஸ்தான்காரர். எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். என்னை அவர் பாபி என்பார், அண்ணி என்று அர்த்தம். அவரைவிட இருபது வயது சின்னவள் நான். மூட்டை பிரித்த அன்று மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு, “பாபி, இது எங்க ஊர்ப் பக்கத்து மண்ணு. எங்க மாட்டுக் கொட்டகையில இதே வாசனைதான்” என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். அதை எப்போது நனைக்க வேண்டும், எத்தனை நாள் காயவிட வேண்டும், எந்த நேரத்தில் ரோலர் ஓட்ட வேண்டும் என்று அவரும் என் கணவரும்தான் கற்றுக்கொண்டார்கள். முதல் சர்வதேசப் போட்டிக்கு அவருடைய நாட்டு அணி வரக்கூடும் என்று பேச்சு அடிபட்டதும் பாய்க்கு வேறு பேச்சே இல்லாமல் போனது.

“எங்க மண்ணுல எங்க பசங்க ஆடறத ஒரு தடவ பாத்துட்டா போதும் பாபி. அப்புறம் கலாஸ். ஊருக்குப் போய்ப் படுத்துக்குவேன்.”

போட்டி கிடைக்குமா என்பது ஓர் ஆய்வாளர் வந்து மைதானத்தைப் பார்த்துச் சொல்வதில் இருந்தது. அவர் வருவதற்கு ஆறு நாள் இருந்தபோது, அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

முந்தைய இரண்டு நாளும் ஆடுகளத்தில் தண்ணீர் தேக்கி நனைத்திருந்தார்கள். வெயிலில் காய வேண்டும், சரியான பதத்துக்கு வந்ததும் ரோலர் ஓட்ட வேண்டும். ரோலரில் ஏதோ உடைந்திருந்ததால் என் கணவர் அந்தப் பாகத்தைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே முசஃபா போய்விட்டார். பாய் ஜும்மாவுக்குக் கிளம்பினார். தொழுகை முடிந்து முசஃபாவில் இருக்கும் தன் ஊர்க்காரர்களோடு சாப்பிட்டு, சனிக்கிழமை காலையில்தான் திரும்புவார்.

அன்று காலை என் அப்பா ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் குறுவை நெல் கொட்டிக் கிடக்கிறது, மழையில் நனைந்து முளை விட்டிருக்கிறது. பின்னால் அவர் குரல்: “நேத்தே மூடியிருக்கணும். தார்ப்பாயி இல்ல, இல்லன்னு ஓடிக்கிட்டுக் கெடந்தோம். போச்சு.”

ஒன்றரை மணி இருக்கும். வெளியே திடீரென்று இருட்டியது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கருமேகம், புழுதிக்காற்று, கண்ணாடியில் இரண்டு சொட்டு. கணவருக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஓடினேன். பூட்டியது சரியா என்று போகும் வழியெல்லாம் நினைத்தேன், ஆனால் நிற்கவில்லை. ஓரத்தில் நீலத் தார்ப்பாய் சுருட்டிக் கிடந்தது. இழுத்து, விரித்து, ஈரக் களிமண்ணின்மேல் அங்கும் இங்கும் ஓடி, ஓரங்களில் மணல் மூட்டை வைத்தேன். ஊரில் மேகத்தைப் பார்த்தால் கேட்டுக்கொண்டா களத்துக்கு ஓடுவோம்? கால் தானாக ஓடும். என் கால் ஓடியது.

மொத்தம் ஐந்து நிமிடம் தூறியது. மகள் அழும் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடினேன். கதவைத் திறந்தபோது அவள் கதவோடு ஒட்டி நின்று விக்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் வெயில் அடித்தது. தார்ப்பாயை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். மறுபடி மழை வந்தால்? இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாலையில் கணவர் போனில், சாமான் காலையில்தான் கிடைக்கும், நண்பர் ரூமில் தங்கிக்கொள்கிறேன் என்றார்.

“இங்க மழ வந்துச்சுங்க.”

“பெருசாவா?”

“இல்ல, தூறல்தான்.”

“தூறல்தானே, ஒண்ணும் ஆவாது. பாப்பா சாப்புட்டாளா?”

மூடியதை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். கொஞ்சம் பாராட்டு கிடைக்கும் என்ற ஆசை.

சனிக்கிழமை ஆறு மணிக்குச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தேன். பாய் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார், அசையவே இல்லை. பிறகு முழுவதையும் மெல்லச் சுருட்டினார். பிளாஸ்டிக்கின் அடிப்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. காய வேண்டிய மண் பகலும் இரவும் வியர்த்து ஊறி, மேல்பகுதி அரைத்த மாவுபோல் ஆகியிருந்தது. நடுவில் சின்னச் சின்னக் குழிகள். என் செருப்புத் தடங்கள் அவை. அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. தலையைத் திருப்பி எங்கள் ஜன்னலை ஒரு முறை பார்த்தார். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். மறுபடி எட்டிப் பார்த்தபோது அவர் குத்தவைத்து உட்கார்ந்து, உள்ளங்கையால் அந்தக் குழிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்கு மேனேஜர் வந்தார். பாதுகாப்பு, டிக்கெட் என்று எல்லாவற்றுக்கும் பொறுப்பாகப் புதிதாக வைக்கப்பட்டவர். ஆடுகளத்தைப் பார்த்ததும் அவர் ஹிந்தியில் போட்ட சத்தம் சமையலறை வரை கேட்டது.

“ஈர மண்ணுமேல பிளாஸ்டிக் போட்டது யாரு?”

“நான்தான் சாப்” என்றார் பாய்.

“ஒன்பது வருஷமா இங்க என்னய்யா பண்ணிட்டிருந்த? சின்னப் பையனுக்குக்கூடத் தெரியுமே! ஆய்வு முடியட்டும். உன் பேப்பர முடிச்சு அனுப்பிடறேன். ஊர்ல போய்ச் சாணிய மூடு.”

பேப்பரை முடிப்பது என்றால் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்புவது. நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தேன். கதவைத் திறந்து, நான்தான் என்று சொல்ல, எனக்கும் கதவுக்கும் நடுவே பத்து அடிகூட இல்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அடுப்பைத் துடைத்தேன்.

ஒன்பது மணிக்கு என் கணவர் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டிலில் உட்கார்ந்தார்.

“வேர்த்துப்போவும்னு தெரியாதாடி ஒனக்கு? பி.எஸ்ஸி. படிச்சிருக்க.”

“மழன்னு நெனச்சேன்.”

“பாய்கிட்ட நான் பேசறேன். மேனேஜர்கிட்ட மட்டும் நீ போவாத.”

“பாய அனுப்பிடுவாங்களே.”

“ஒங்கள இங்க வச்சிருக்கறதே அந்தாளுக்குப் புடிக்கல. பெரிய டீமெல்லாம் வர்ற எடத்துல குடும்பம் எதுக்குன்னு போன மாசமே கேட்டாரு. இப்ப நீ போயி நின்னன்னா, அவருக்குக் காரணத்த நாமளே எடுத்துக் குடுத்த மாரி ஆயிடும். வாடகைக்கு ரூம் எடுத்து ஒங்கள வச்சிருக்க என்னால ஆவாது. பாப்பாவ ஊருக்கு அனுப்பிட்டு நான் இங்க தனியா கெடக்கவா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. இன்றுவரை அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

மாலையில் பாயே வந்தார். வாசலுக்கு வெளியே நின்றபடி என் மகளிடம் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தார்.

“பாய், நீங்க ஏன் சொன்னீங்க?”

“விடுங்க பாபி. எனக்கு வயசாச்சு. ஊருக்குப் போறது சந்தோஷம்தான்.”

“மேட்ச் பாக்கணும்னு சொன்னீங்களே.”

“டிவியில பாப்பேன். டிவியில இன்னும் நல்லாத் தெரியும்.”

அந்த இரவு முழுவதும் நான் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தேன். மகள் அப்பாவோடு வளர வேண்டும் என்று ஒரு பக்கம். அவள் சாப்பிடும் சோறு இன்னொருவர் வேலையைப் பறித்துக்கொண்டு வந்தது என்று இன்னொரு பக்கம். நல்லவள் என்று பெயர் வாங்கத்தான் துடிக்கிறேனோ என்றுகூடத் தோன்றியது. ஒரு முடிவும் வரவில்லை. காலையில் கணவர் ரோலரைச் சரிசெய்யப் போனதும், முடிவு எடுக்காமலேயே, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை, பூட்டிவிட்டுப் போக இனி எனக்குத் தைரியமும் இல்லை.

மூடியது நான், பாய் அன்று இங்கே இல்லவே இல்லை, வாயில் பதிவேட்டைப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மகள் அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தாள், பிடுங்கி வைத்தேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

“ஆடுகளத்துக்குள் உங்களை யார் விட்டது?”

“நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.”

“அதுதான் தப்பு” என்றார். பிறகு, அந்தப் பாகிஸ்தான்காரரை அனுப்பவில்லை, ஆனால் ஆய்வாளர் வருவதற்கு முன் இந்த இடத்தில் பெண்ணோ குழந்தையோ இருக்கக் கூடாது, மூன்று நாளில் அறையைக் காலி செய்யுங்கள் என்றார். சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் கணவர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாமான் கட்டும்போது, “யாரக் கேட்டுப் போன?” என்று மட்டும் கேட்டார். யாரையும் கேட்காமல் நான் செய்த இரண்டாவது காரியம் அது, ஒரே வாரத்தில். பாய்தான் எங்கள் கட்டிலைப் பிரித்து வண்டியில் ஏற்றினார். தலையைக் குனிந்துகொண்டே வேலை செய்தார். அவருக்குக் கோபமா, கூச்சமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊருக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஷார்ஜாவில் ஒரு ஃபிளாட்டில் பலகைத் தடுப்புப் போட்ட ஓர் அறை கிடைத்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் நாகூர்க் குடும்பம் ஒன்று. மகள் இரவில் இருமினால் அவர்களும் விழித்துக்கொள்கிறார்கள். கணவர் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறார். அவர் கிளம்பும்போது மகள் அவருடைய செருப்பை ஒளித்து வைக்கிறாள். ஒவ்வொரு முறையும் அதைத் தேடி எடுத்துக் கொடுக்கும்போது நான் மனதுக்குள் மேனேஜரின் அந்த மேசை முன்னால் மறுபடி போய் நிற்கிறேன்.

மைதானத்தின் நடுவில் அடுத்தடுத்துப் பல களிமண் பட்டைகள் உண்டு; ஆய்வாளர் பக்கத்துப் பட்டையைப் பார்த்துத் திருப்தியடைந்து போய்விட்டாராம். நான் கெடுத்த பட்டையை அவர் மிதிக்கவே இல்லையாம். இதைக் கேட்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

முதல் சர்வதேசப் போட்டிக்கு வேலையாட்களின் குடும்பத்துக்கு டிக்கெட் கொடுத்தார்கள். உயரத்தில், கடைசி வரிசைக்கு முந்தைய வரிசை. எங்கள் பழைய சமையலறை இருந்த இடத்தில் இப்போது கேமராக்காரர்களின் அறை. சுற்றிலும் பாயின் நாட்டுப் பச்சைக் கொடிகள், டிரம் சத்தம். மகளின் காதுகளை என் கைகளால் பொத்திக்கொண்டேன். அவளுக்குத் தண்ணீர் போதுமா, வெயில் படுகிறதா, கூட்டம் கலையும்போது எப்படி இறங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்ததில் ஆட்டத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

முதல் இன்னிங்ஸ் முடிந்து வீரர்கள் உள்ளே போனார்கள். எல்லோரும் சாப்பிட எழுந்தார்கள். அப்போது ஓரத்துக் கதவு திறந்து, ரோலர் மெல்ல வெளியே வந்தது. ஓட்டியது என் கணவர். பின்னால் நீளத் துடைப்பத்தோடு ஒருவர் நடந்தார். அந்தக் கூட்டத்தில் யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. நான் நாற்காலியின்மேல் மகளைத் தூக்கி நிறுத்தினேன்.

“அப்பா எங்க, காட்டு.”

அவள் விரல் நீட்டினாள். முதலில் அப்பா. பிறகு, நான் கேட்காமலே, பின்னால் வந்த பாய்.