ஆட்டுத்தோலும் என் பக்குவமும்

இன்று எங்கள் மலையூர் ரிங்லெட்டில், சாப்பாட்டுக் கடையில் ஒரு ரசிகர் என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் எஸ்டேட் ராக் பேண்டின் பழைய கேசட்டுகளை எல்லாம் கேட்டிருக்கிறாராம்.

"எழுபதுகள்ல உங்க டிரம் இடி மாதிரி இருக்கு அங்கிள். எண்பதுகள்ல அப்படியே மெதுவா, ஆழமா. என்னா பக்குவம் லா!"

பக்குவமாவது!

எங்கள் டிரம்முக்கு ஆட்டுத்தோல். மலைப் பனியில் தொளதொளத்துப் போகும். கச்சேரிக்கு முன்னால் தேயிலை காய வைக்கும் அறையில் வைத்துச் சூடேற்றினால்தான் இடி முழங்கும்.

எண்பதுகளில் எஸ்டேட் மேனேஜராக வந்த புதுத் துரை அந்த அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். டீத்தூளில் ஆட்டு வாடை அடிக்கிறதாம்.

இதைச் சொன்னேன்.

"பாத்தீங்களா, இந்த அடக்கம்கூட பக்குவம்தான் அங்கிள்!"

உங்களுக்கெல்லாம் பக்குவம் எந்தப் பூட்டால் வந்தது?