ரெண்டு பேருக்கு உப்பு

தொழிற்சாலை கேன்டீனில் அவனுக்கு அண்டா என்றுதான் பெயர். ஆளும் அப்படி, புழங்குகிற பாத்திரமும் அப்படி. முந்நூறு பேருக்குச் சூப் வைப்பான். உப்புச் சரியில்லை என்று ஒருத்தன் முகம் சுளித்ததில்லை. ஆனால் கட்டின பெண்டாட்டி அவன் சமையலைத் தொட்டு நக்கியதுகூட இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டால் அடுப்படிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான்.

அன்றைக்கு அவள் முதன்முதலாகத் தனியாகப் பஸ் ஓட்டப் போகிறாள். லைசென்ஸ் பரீட்சையில் ரெண்டு தடவை தோற்று, விடாமல் முட்டி மோதி வாங்கின வேலை. சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"சாயங்காலம் வெளியில சாப்பிடணும். நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஓட்டல் அடுப்படிய நீ பாத்ததில்ல. பாத்தா பச்சத்தண்ணி குடிக்கமாட்ட."

"அப்ப இன்னைக்கும் வந்து நானேதான் வேகணுமா?"

"நான் வைக்கிறேன். கோழி சூப்பு, உருளைக்கிழங்கு வறுவல். உனக்குப் பிடிச்சது."

"ஊருக்கெல்லாம் வடிச்சுக் கொட்டுற மகராசனுக்கு இப்பத்தான் வீட்டு வழி தெரிஞ்சுதாக்கும். சரி. நல்லா இல்லேன்னா வாயத் திறக்காம செருப்ப மாட்டிக்கிட்டு என்கூட வரணும்."

அண்டா லீவு போட்டான். கல்யாணத்தன்றுகூட இத்தனை பரபரப்பு இல்லை அவனுக்கு. சந்தையில் நாலு கடை ஏறி இறங்கிக் கோழி பார்த்தான். வீட்டுச் சட்டியோ அவன் கைக்குச் சொப்புச் சாமான் மாதிரி இருந்தது. கோழி வெந்து வாசம் எழும்பியதும் கை தானாக உப்பு டப்பாவுக்குப் போனது. அள்ளியது. போட்டது. வருஷக்கணக்கில் பழகின கை. இது ரெண்டு பேர் சட்டி என்று அதுக்கு எப்படித் தெரியும்?

நாக்கில் வைத்தான். கடல்.

தண்ணீர் ஊற்றினான். சட்டி நிரம்பியது. பெரிய சட்டிக்கு மாற்றினான். உப்பு அடங்கியது, ருசி ஓடிப்போயிற்று. ஓடினான், இன்னும் ரெண்டு கோழி வாங்கிவந்தான். வீட்டில் குளிக்கிற வாளிதான் பாக்கி. கீழ்வீட்டுத் தையல்காரர் கதவைத் தட்டி, இருக்கிறதிலேயே பெரிய பாத்திரத்தைக் கேட்டான்.

"என்னப்பா, இத்தாம் பெரிய பாத்திரம் எதுக்கு? யாருக்குக் கல்யாணம்?"

"பேசாம குடுய்யா."

பாத்திரம் பெருத்ததும் கைக்கு உயிர் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு போட்டான், எல்லாம் அளவாக விழுந்தது.

அவள் படியேறும்போதே குரல் வந்தது. "ஒரு கீறல் இல்ல, தெரியுமா. அந்த ஒடுக்குச் சந்துல நான் திருப்பின திருப்புல பஸ்ஸே கைதட்டுச்சு." உள்ளே வந்து பாத்திரத்தைப் பார்த்தாள். "நாம ரெண்டு பேருதானே?"

அவன் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தான். அவள் ஒரு வாய் குடித்தாள். அவன் கண் வாசலில் கிடந்த செருப்பு மேல் போனது. இன்னொரு வாய். அப்புறம் அவள் நிறுத்தவில்லை. காலிக் கிண்ணத்தை நீட்டினாள்.

"இத்தன வருஷமா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

அதற்குள் தையல்காரர் குடும்பத்தோடு கதவருகே நின்றார். பின்னால் மாடிக்காரர்கள், கையில் தம்ளரோடு. வாசம் ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. பாத்திரத்தை நாலு பேர் பிடித்து முற்றத்துக்கு இறக்கினார்கள். வறுவல் தட்டு கைமாறிக் கைமாறிப் போனது. கீழ்ப்படியில் அவனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் அவள்.

"வெளியில சாப்பிடணும்னு சொன்னேன்ல. சாப்பிட்டாச்சு."

"எனக்கு ரெண்டு பேருக்கு வைக்கத் தெரியலடி."

"நாளைக்கு மறுபடி வைங்க, பாக்கலாம்," என்றாள். "உப்ப மட்டும் நான் போடுறேன்."